தொட்டு நடக்க ஒரு வேலி

அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். படித்தது எட்டாவது வரை. ஊசி போட்டதில்லை, நாடி பிடித்ததில்லை. முகமூடியும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு, முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்தபடி செடிகளுக்கு நடுவே அவர் நடந்து வந்த தோரணையைப் பார்த்துப் பழைய நர்சரியில் யாரோ கிண்டலாக வைத்த பெயர் அது. நாளாக ஆகக் கிண்டல் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பார், ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது.

அந்த நர்சரியில் பத்தொன்பது வருடம் மருந்து அடித்தார். அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்: பூஞ்சைக்கு ஒரே மருந்தையே அடித்துக்கொண்டிருந்தால் அது பழகிப்போகும், பிறகு தண்ணீரை ஊற்றுவதும் ஒன்றுதான், மருந்தை ஊற்றுவதும் ஒன்றுதான். ஆகவே மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். யார் எப்போது கேட்டாலும் இதைக் கடகடவென்று ஒப்பிப்பார். ஆனால் எதற்குப் பிறகு எது என்பதை மாடியில் இருந்த ஆபீசில் யாரோ முடிவு செய்து சீட்டு எழுதி அனுப்புவார்கள். இவர் சீட்டைப் பார்த்துக் கலப்பார், அடிப்பார். யார் அந்தச் சீட்டை எழுதுகிறார்கள், எதைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

நாற்பத்தொரு வயதில் அவர் மனைவிக்குப் பார்வை போயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார்கள். ஒரு கண் முதலில், எட்டு மாதத்தில் இன்னொன்று. குழந்தை குட்டி கிடையாது. இவர் காலையில் வேலைக்குப் போனால் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் வந்து கையைப் பிடித்து எழுப்பினால் எழுந்திருப்பாள். மூன்று வருடம் அப்படி. பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, கோபம்கூடக் குறைந்தது. வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளுகிறவள் எதற்கும் கோபப்படாமல் "சரிங்க, சரிங்க" என்று சொன்னதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் பார்வையற்றோர் இல்லம் ஒன்றில் தோட்டக்காரர் வேண்டும் என்று கேள்விப்பட்டார். பெரிய வளாகம், ஆறு கட்டடம், அறுபது பேர். வளாகத்தின் கோடியில் தோட்டக்காரருக்கு ஓர் அறையும் சமையலறையுமாக வீடு. அங்கே பிரம்பு நாற்காலி பின்னும் கூடம் ஒன்று இருக்கிறது, உங்கள் மனைவியும் வந்து கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். மறுவார்த்தை பேசாமல் ஒத்துக்கொண்டார். ஆனால் வீட்டிலிருந்து அந்தக் கூடத்துக்கு எண்பத்தாறு அடி வெட்டவெளி. பிடித்துக்கொள்ள ஒரு தூண் கிடையாது. அவள் வாசலோடு நின்றுவிட்டாள்.

வேலி அப்படி வந்ததுதான். பழைய நர்சரியில் விற்காமல் வளர்ந்து கிடந்த செடிகளை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாக்ஸ்வுட் என்று அட்டையில் எழுதியிருக்கும். இல்லத்தில் எல்லோருக்கும் அது குட்டைச்செடி. சின்னச் சின்ன இலை, நெருக்கமான கிளை, வெட்டினால் வெட்டின வடிவத்தில் நிற்கும். பாதையோரம் முழுக்க இடுப்புயரத்துக்கு நட்டார். இரண்டாவது வருடம் செடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவர் மாதிரி ஆயிற்று. பிறகு கத்தரியை எடுத்தார். சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிற வழியில் வேலியின் தலையை உருட்டிவிட்டார். பிரம்புக் கூடத்து வழியில் பலகை மாதிரி தட்டையாக வெட்டினார். வாசலுக்குப் போகிற பக்கம் படிப்படியாக இறக்கினார். திருப்பம் வருவதற்கு நாலடி முன்னால் வேலியின் தலையில் ஒரு சின்னப் பள்ளம். கையை வேலியின் மேல் ஓட்டிக்கொண்டே போனால் எங்கே இருக்கிறோம், எங்கே திரும்பவேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடும்.

முதல் நாள் அவள் தனியாகக் கிளம்பியபோது இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி பின்னால் போனார். இருபதடி போனதும் அவள் நின்றாள்.

"பின்னாடி வராதீங்க. நீங்க மூச்சு வாங்குறது ஊருக்கே கேக்குது."

இவர் துணி துவைக்கும் கல்லின் பக்கம் அப்படியே நின்றுகொண்டார். அவள் போய்ச் சேர்ந்தாள். பிரம்புக் கூடத்துக் கதவைத் தட்டினாள். ஐம்பதை நெருங்கிய மனிதர் நட்டநடுப் பகலில் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அடுத்த வாரமே கோபமும் அவளுக்குத் திரும்பி வந்தது. குழம்பில் உப்பில்லை என்று அவரை அவள் ஒரு பிடி பிடித்த அன்றைக்கு, அவர் திட்டு வாங்கிக்கொண்டே இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

ஏழு வருடம் அப்படிப் போயிற்று. அவள் காலையில் போய், மத்தியானம் வந்து, மறுபடியும் போய், சாயங்காலம் வருவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை. அவள் பின்னிய நாற்காலியில் ஒரு கண்ணி பிசகியிருக்காது.

பிறகு ஒரு வருடம் மழை விடாமல் பெய்தது. வேலியில் இலைகளில் பழுப்பாகப் புள்ளி விழுந்தது. பச்சைத் தண்டில் மை தடவினாற்போல் கறுப்புக் கோடு. தொட்டால் இலை பொலபொலவென்று கொட்டியது. டாக்டர் ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்து, திருப்பிப் பார்த்து, கருகல் நோய் என்று சொன்னார். சரியாகத்தான் சொன்னார். பூஞ்சையைப் பார்த்தால் அவருக்குத் தெரியும்.

கடைக்குப் போய், "மூணு வேற வேற மருந்து குடுங்க. மாத்தி மாத்தி அடிக்கணும்" என்றார். கடைக்காரரும் மூன்று வேறு வேறு கம்பெனியின் மருந்தைக் கொடுத்தார். சிவப்பு பாட்டில், வெள்ளை பாட்டில், பச்சை பாட்டில். பதினைந்து நாளுக்கு ஒன்று. அடித்த நாளும் மறுநாளும் யாரும் வேலியைத் தொடக்கூடாது, அந்த இரண்டு நாளும் இவரே எல்லோரையும் கைப்பிடித்துக் கொண்டுபோய் விடுவார்.

மருந்து வைத்திருந்த கொட்டகையில் அவருக்குக் கையுதவியாக இருந்தவர் ரேடியோ. இல்லத்தில் இருக்கிறவர்தான், பிறவியிலேயே பார்வை கிடையாது. இல்லத்தில் ஒரு கரண்டி கீழே விழுந்தாலும் அதைச் செய்தி வாசிக்கிற குரலில் அறிவித்துவிடுவார், அதனால் ரேடியோ. பாட்டில் எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் அளந்து ஊற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குப் பாட்டில் அடையாளம் தெரிய வேண்டுமே என்று டாக்டர் ரப்பர் பேண்ட் மாட்டிவைத்தார். சிவப்பில் ஒன்று, வெள்ளையில் இரண்டு, பச்சையில் மூன்று. வழுக்காமல் இருக்க நல்ல அகலமான ரப்பர் பேண்டாகப் பார்த்துப் பாட்டிலின் அடிப்பக்கம் இறுக்கி மாட்டினார்.

"தலைப்புச் செய்தி," என்பார் ரேடியோ. "இன்று இரண்டு பட்டை. போன தடவை ஒரு பட்டை. அடுத்த தடவை மூன்று பட்டை. செய்திகள் முடிவடைந்தன."

அந்த இல்லத்தில் எல்லாமே அப்படித்தான். உப்பு டப்பாவில் ஒரு முடிச்சு, சர்க்கரை டப்பாவில் இரண்டு. சட்டையின் காலருக்குள் பித்தான். யாரும் எதையும் படிப்பதில்லை, தடவிப் பார்ப்பார்கள். ஒன்பது வருடம் அவர்களோடு இருந்ததில் டாக்டரும் தடவிப் பார்த்தே எடுக்கப் பழகிவிட்டார். கையுறையைப் போட்டுக்கொண்டு பட்டையை எண்ணுவார், ஒன்று, இரண்டு, மூன்று, சரி. சுவரில் தொங்கிய காலண்டரில் குறி போடுவார். ஒரு முறைகூட வரிசை தவறியதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலியைப் பார்த்துக்கொண்டார், பாட்டிலை மட்டும் பார்க்கவில்லை.

முதல் வருடம் நோய் அடங்கினாற்போல இருந்தது. அடுத்த மழைக்கு அது வெறிகொண்டு திரும்பியது. பத்து நாளுக்கு ஒன்றாக அடித்தார். உதிர்ந்த இலையை ஒன்று விடாமல் கூட்டி அள்ளி எரித்தார். ஒவ்வொரு செடி வெட்டியதும் கத்தரியை மருந்துத் தண்ணீரில் முக்கினார். மேலிருந்து தண்ணீர் விடுவதை நிறுத்தி வேரில் விட்டார். புத்தகத்தில் இருப்பது எல்லாம் செய்தார். வேலி வழுக்கையாகிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் மனைவி வீடு திரும்பியதும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இலையே இல்லைங்க. குச்சிதான் கையில படுது. என்னாச்சு அதுக்கு?"

"சரியாயிடும். மருந்து அடிச்சிட்டுதானே இருக்கேன்."

இல்லத்தை நடத்தி வந்த மேனேஜர் அம்மா கடைசியில் பயிர் நோய்ப் பரிசோதனைக்கூடத்துக்கு எழுதிப் போட்டார். அங்கிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். காலுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வேலி முழுக்க நடந்தாள். இலையைப் பையில் போட்டு ஒட்டினாள். பூஞ்சையின் வித்து பசை மாதிரி ஒட்டும், கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு செடிக்குச் செடி போகும் என்று சொன்னாள். அறுபது பேர் தினமும் தடவிக்கொண்டு நடக்கிற வேலி இது என்று தெரிந்ததும் அதையும் குறித்துக்கொண்டாள். பிறகு அடிக்கிற மருந்தைக் காட்டச் சொன்னாள்.

கொட்டகையில் அன்றைக்கு ரேடியோ இல்லை. டாக்டர் மூன்று பாட்டிலையும் பெஞ்சின்மேல் வரிசையாக வைத்தார். கொஞ்சம் பெருமையாகத்தான் வைத்தார். காலண்டரையும் கழற்றிக் காட்டினார்.

"மாத்தி மாத்திதாம்மா அடிக்கிறேன். ஒரு தடவ கூடத் தப்புனதில்ல."

அவள் காலண்டரைப் பார்த்தாள். பிறகு சிவப்பு பாட்டிலை எடுத்து, ரப்பர் பேண்டை உருட்டிக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பினாள். பட்டை இருந்த இடத்தில், காகிதத்தின் அடியோரம், தீப்பெட்டியில் பாதியளவு ஒரு கட்டம் அச்சாகியிருந்தது.

"இங்க என்ன நம்பர் போட்டிருக்கு, படிங்க ஐயா."

"பதினொண்ணு."

வெள்ளை பாட்டிலிலும் பட்டையைக் கழற்றினாள். "இதுல?"

"பதினொண்ணு."

பச்சை பாட்டிலைப் படிக்கச் சொன்னபோது அவர் படிக்கவில்லை.

"பேரு வேற, கம்பெனி வேற, கலரு வேற. உள்ள இருக்கிறது ஒரே வகை மருந்துதான் ஐயா. இந்த நம்பர் மாறினாத்தான் மருந்து மாறுச்சுன்னு அர்த்தம். ரெண்டு வருஷமா நீங்க ஒரே மருந்தத்தான் அடிச்சிருக்கீங்க. பூஞ்சைக்கு இது பழகி எவ்வளவோ நாளாச்சு."

மாடி ஆபீசிலிருந்து வந்த சீட்டுகள் எல்லாம் அப்போது டாக்டரின் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றின் ஓரத்தில் எப்போதும் ஏதோ ஓர் எண் எழுதியிருக்கும், அது ஆபீஸ் கணக்கு என்று பத்தொன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"கையால பரவுனது இல்லையாம்மா அப்ப?"

"கையாலயும்தான். ஆனா மருந்து சரியா இருந்திருந்தா வேலி தாங்கியிருக்கும்னுதான் தோணுது."

"இத மேனேஜர் அம்மாகிட்ட..."

அவர் முடிக்கவில்லை. அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் வீட்டில் அந்த வயதில் யாராவது இருந்திருக்க வேண்டும்.

"'பயன்படுத்திய மருந்துகளுக்கு நோய் கட்டுப்படவில்லை'ன்னு எழுதுறேன். அது பொய் இல்ல. மத்தத நீங்களே சொல்லிடுங்க ஐயா. நீங்க சொல்றதுதான் மரியாதை."

சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டினார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது. மனிதர் மென்று விழுங்கிவிட்டார். டாக்டர் என்று கூப்பிடுகிற அறுபது பேரிடம் போய் எனக்குப் பாட்டிலைப் படிக்கத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்றார், புது மருந்து பிடித்து வேலி துளிர்த்த பிறகு சொல்லலாம் என்றார். மனத்துக்குச் சாக்குச் சொல்வதில் அவர் ஒன்றும் யாருக்கும் சளைத்தவர் இல்லை.

மேனேஜர் அம்மா எல்லோரையும் சாப்பாட்டுக்கூடத்தில் கூட்டி அறிக்கையைப் படித்தார். நல்லவர்தான், ஆனால் எதையும் சுருக்கிச் சொல்லிப் பழக்கப்பட்டவர். அறிக்கையில் மூன்று பக்கம் இருந்தது. அவர் எடுத்துக்கொண்டது ஒரு வரி.

"நோய் கையால பரவுதாம். அதனால இனிமே யாரும் வேலியத் தொடக்கூடாது. தொட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவணும்."

"முக்கியச் செய்தி," என்றார் ரேடியோ. "கண்ணுதான் இல்லன்னு நெனச்சோம். இப்ப கையும் கிடையாதாம்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

டாக்டரின் மனைவி எழுந்து நின்றாள். "யார் கையால பரவுச்சும்மா?"

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா. அதிகமா யார் தொட்டாங்களோ அவங்களாலன்னு வெச்சுக்கலாம்."

மேனேஜர் அம்மா யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒரு நாளைக்கு நாலு தடவை, எட்டு ஒன்பது வருடமாக, வேலியைக் கோடியிலிருந்து தொட்டுக்கொண்டு வருகிறவள் யார் என்று. டாக்டர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் பிரம்புக் கூடத்துக்குப் போகவில்லை. கையைக் கழுவினாள். தண்ணீர் விழுகிற சத்தம் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். விரல் இடுக்கில் தோல் உரிந்து சிவந்தது. பிரம்பு பின்னிக் காய்த்துப்போயிருந்த விரல்கள் ஊறிப்போய்ச் சோகையாகின. கழுவாத நேரத்தில் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். எதையும் தொடமாட்டாள். தட்டைக்கூட இவர் கையில் வைத்தால்தான் வாங்குவாள்.

"உன்னால ஒண்ணும் இல்ல, விடு" என்று சொல்வார்.

"சரிங்க" என்பாள்.

அந்தச் "சரிங்க" திரும்பி வந்துவிட்டது. அப்போதும் சொல்லவில்லை.

அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி வேலியைப் பிழைக்க வைப்பது. பரிசோதனைக்கூடத்துப் பெண் எழுதிக் கொடுத்த சீட்டோடு போய், வேறு வேறு எண் போட்ட மருந்துகளை வாங்கி வந்தார். இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். படித்ததை மறுபடியும் படித்தார். மழை இல்லாத நேரம் பார்த்து, இலையின் அடியிலும் படும்படி, மண்டியிட்டு அடித்தார். எண் மாறியது, மருந்து மாறியது. நாலாவது வாரம் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அடி நீளத்துக்குத் துளிர் விட்டது. பச்சை என்றால் அப்படிப் பச்சை. அவர் ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார்.

"துளிர் வந்திருக்கு. வந்து பாரு. லேசா தொட்டுப் பாரு, ஒண்ணும் ஆகாது."

"வேண்டாம்" என்று கைகளைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "வந்ததயும் நான் கெடுக்கணுமா?"

மூன்று வாரம் துளிர் நின்றது. பிறகு ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது துளிர்த்தண்டு முழுக்கக் கறுப்புக் கோடு. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் இரண்டு வருடம் தண்டுக்கும் மண்ணுக்கும் இறங்கிவிட்ட நோயை இரண்டு மாத மருந்து என்ன செய்யும். பரிசோதனைக்கூடத்துப் பெண் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள் என்று சொல்லிப் போனாள். போகும்போது, "சொல்லிட்டீங்களா ஐயா?" என்று கேட்டாள். அவர் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிடுங்க எட்டு நாள் ஆயிற்று. தன் கையால்தான் பிடுங்கினார். உருண்டைத் தலை, தட்டைத் தலை, படி, பள்ளம் எல்லாம் ஒரே குவியலாகி எரிந்தது. பாதை நெடுக முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சியது. தங்குமிடத்திலிருந்து சாப்பாட்டுக்கூடத்துக்கு இரும்புக் கைப்பிடி போடுவதாக மேனேஜர் அம்மா சொன்னார். தோட்டக்காரர் வீட்டுப் பக்கம் ஒரே ஓர் ஆளுக்காகப் போடமுடியாது, நீங்கள்தான் கூட இருக்கிறீர்களே என்றார்.

ஆகவே அவர் குச்சி நட்டுக் கயிறு கட்டினார். வீட்டு வாசலிலிருந்து பிரம்புக் கூடம் வரை எண்பத்தாறு அடிக்குக் கயிறு. இரண்டு நாள் கெஞ்சியபிறகு அவள் வந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு அடி போனாள், நின்றாள், திரும்பினாள்.

"ஆடுதுங்க. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. எங்க இருக்கேன்னே தெரியல."

"முடிச்சு போட்டுத் தரேன். திருப்பத்துக்கு ஒண்ணு..."

"வேண்டாங்க." வாசற்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒரே ஒரு காரியம் செய்யணும். மத்தியானம் சாப்பாட்டு வேளைக்கு என்னக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். எதற்கு என்று கேட்டார். சொல்லவில்லை.

தட்டுகளும் கரண்டிகளும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது இருவரும் உள்ளே போனார்கள். அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மூன்று மாதமாக எதையும் தொடாத கை. நடுக்கூடத்தில் நின்றாள்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். வேலி போச்சு. உங்க எல்லாருக்கும் வழி போச்சு. அதிகமா தொட்டவ நான்தான். அதுவும் டாக்டர் வீட்டு ஆளு, எனக்கே தெரிஞ்சிருக்கணும். தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

கரண்டிகள் நின்றுவிட்டன. ரேடியோகூட அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. "அட போங்கக்கா, நாங்க தொடாததா?" என்று சாதாரணக் குரலில் சொன்னார். மேனேஜர் அம்மா வந்து அவள் தோளில் கை வைத்தார். டாக்டர் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாய் ஒரு தடவை திறந்தது. அறுபது முகங்களும் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தன. வாய் மூடிக்கொண்டது. அவமானத்தில் அவருக்குக் காது அடைத்துப்போயிற்று, ஆனாலும் மூடியேதான் இருந்தது.

திரும்பி வருகிற வழியில், வெட்டவெளிக்கு நடுவே, அவள் பெருமூச்சு விட்டாள்.

"இப்பதாங்க மனசு கொஞ்சம் லேசாச்சு. இனிமே இவங்க மத்தியில நடமாடலாம்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நின்றுவிட்டார்.

"உன் கை இல்ல" என்றார். "என் மருந்து."

எல்லாவற்றையும் சொன்னார். மூன்று பாட்டில், பதினொன்று, ரப்பர் பேண்ட், காலண்டர். அவள் முகத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் கையால பரவலையா?"

பரவவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிச் சொல்லி அவருக்கும் தெம்பு போயிருந்தது.

"கையாலயும்தான். ஆனா மருந்து சரியா இருந்திருந்தா..."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்தப் பொண்ணு முதல்ல வந்தாளே, அன்னைக்கு."

அவள் உதடு அசைந்தது. நாள் எண்ணினாள்.

"மூணு மாசம்."

"ஆமா."

"நான் கையக் கழுவிக் கழுவி உக்காந்திருந்தப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இப்ப உள்ள எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேட்டேன். உங்க கையத்தான் பிடிச்சிட்டிருந்தேன். உங்க கை நடுங்குச்சு. எனக்காகத்தான் நடுங்குதுன்னு நெனச்சேன்."

கையை விடுவித்துக்கொண்டாள். உதறவில்லை. மெதுவாக ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டாள். சுற்றிலும் வெட்டவெளி. நாலடி தள்ளிக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது, அது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று இவர் கையை நீட்டினார். அவள் அந்தக் குரலுக்கு எதிர்ப்பக்கம் காலை வைத்துத் தடவினாள். வேலி பிடுங்கிய பள்ளம் அகப்பட்டது. அதற்குள் இறங்கினாள். அறுந்த வேரும் ஈரமண்ணும் காலில் சிக்க, பள்ளத்தின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நடந்தாள். இரண்டு இடத்தில் விழுந்தாள். இரண்டு தடவையும் இவர் ஓடிப்போய் நின்றார். இரண்டு தடவையும் அவள் தானாகவே எழுந்தாள். முழங்கை வரை மண்ணோடு வீட்டு வாசலில் ஏறியவள், கை கழுவவில்லை.

மறுநாள் காலையில் அவர் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய், எல்லோர் முன்னாலும் நின்று, தப்பு தன்னுடையது என்று சொன்னார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. ரேடியோ மட்டும், "பட்டையத் தடவிக் குடுத்தது நான்தானே" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், சொல்லிவிட்டேன் என்றார். அவள் "சரிங்க" என்றாள்.

நோய்பட்ட மண் என்பதால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பள்ளத்தை மூடிவிட வேண்டும் என்று பரிசோதனைக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. மேனேஜர் அம்மா அதை அவர் கையில் கொடுத்தார். புது மண் கொட்டி, பள்ளம் நெடுகிலும் அவரே மிதித்துச் சமன் செய்தார். ஒரு வாரத்தில் அங்கே வேலி இருந்த அடையாளம்கூட இல்லை.

அன்றிலிருந்து அவள் அவர் கையைப் பிடிப்பதில்லை. சமைத்து வைத்தால் சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கட்டிலிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சமையலறைக்கு, குளியலறைக்கு, ஜன்னலுக்கு. வாசல் வரைக்கும் சுவர் இருக்கிறது. அதுவரைக்கும் வந்து, நிலைப்படியில் ஒரு கை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறாள். வெளியே அவர் நிற்பது அவளுக்குத் தெரியும், மூச்சு வாங்குகிற மனிதர். பிறகு திரும்பி, அதே சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்விடுகிறாள்.